சீனி டின்னுக்கு ஹோர்ன் பூட்டிய கதை

இனிமேல் சீனியைத் தொடுவதே இல்லை என்று ஜீவராஜ் சபதம் எடுத்தபோது அவருடைய இடது உள்ளங்கையில் சீனி இருந்தது. வலது கையில் ஆவி பறக்கும் பிளேன்டி, பால் விடாத தேநீர். குசினி வாசலில் அவர் மனைவி மீனம்மா. மழை பிடித்துக்கொண்டதால் மலையிலிருந்து பத்து மணிக்கே இறங்கிவிட்டாள். கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.

"என்னங்க அது?"

"எது?"

"கையில."

"பிளேன்டி."

"மத்தக் கையில."

ஜீவராஜ் மற்றக் கையைப் பார்த்தார். அது தன்னுடைய கைதானா என்றே சந்தேகப்படுகிறவர் போலப் பார்த்தார்.

"சீனி மாதிரித்தான் தெரியுது," என்றார்.

"நக்கிப் பாத்துச் சொல்லுங்க."

அந்த இடத்திலேயே, அந்தக் கையாலேயே சபதம் எடுத்தார். பிறகு கையைக் கழுவினார். கழுவும்போது தண்ணீரோடு போன சீனியைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது.

ஜீவராஜ் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பேக்டரியில் எலக்ட்ரீஷியன். கொழுந்து அரைபடுவது இரவில் என்பதால் அவருக்கு வேலையும் இரவில். மீனம்மா காலை ஏழு மணிக்குப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். ஆகக் காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அந்த லயத்து வரிசை வீட்டில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று ஜீவராஜ். மற்றது சீனி டின்.

கிளினிக்கில் இரத்தத்தில் சீனி பார்த்தபோது அவருக்கு வந்திருந்த எண் இருநூற்று அறுபத்தெட்டு. அந்த எண்ணை அவர் பஸ்ஸிலேயே மறந்துவிட்டார். மீனம்மா மறக்கவில்லை. பூண்டுலோயாவில் இருக்கிற அவருடைய அண்ணன் மூக்கனுக்குப் போன வருஷம் இதே சீனி வியாதியால் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பார்க்கப் போனவள் புண்ணுக்கு மருந்து கட்டும்போது பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து அவள் புருஷனின் முகத்தைப் பார்ப்பதைவிட அவர் காலைப் பார்ப்பதுதான் அதிகம். செருப்பு உரசிச் சிவந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

சீனியே வாங்காமல் இருந்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சீனி போட்ட ஒரு பிளேன்டி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? ஆகவே ஒளித்து வைத்துப் பார்த்தாள். அரிசிப் பீப்பாவுக்குள் வைத்தாள், கண்டுபிடித்தார். விறகுக்குப் பின்னால் வைத்தாள், கண்டுபிடித்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்த வாரத்தில் அவருக்குப் பக்தி கூடிப்போய் நாளுக்கு நான்கு தடவை கும்பிட்டார்.

"உங்க வாய நான் நம்ப மாட்டேன்," என்றாள் மீனம்மா, சபதம் முடிந்ததும்.

"மெஷின் சொன்னா நம்புவியா?"

"மெஷினுக்கு நாக்கு இல்லையே. நம்பலாம்."

அந்த வார்த்தைதான் ஜீவராஜின் மண்டைக்குள் பல்பைப் போட்டது.

போன மாதம் பேக்டரியிலிருந்து அவரை ஹட்டனுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பாதி கிரேக்கர் பிஸ்கட் அளவில் ஒரு பச்சைப் பலகை. அதற்குள் ஒரு குட்டி மூளை. சூட்டை அளக்கச் சொன்னால் அளக்கும், மோட்டரை ஓட்டச் சொன்னால் ஓட்டும். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஜீவராஜ் இளவட்டமாக இருந்தபோது ரேடியோ ரிப்பேர் படிக்கிற காலத்தில் இந்த மாதிரி மூளைக்குப் புரோகிராம் எழுதிப் பார்த்திருக்கிறார். அது தோட்டத்துத் துரைக்கு மனுப் போடுகிற மாதிரி. ஒரு புள்ளி தவறினாலும் மனுவைத் தூக்கி எறிந்துவிடும், எந்தப் புள்ளி என்றும் சொல்லாது. இப்போது அப்படி இல்லை. பைத்தன் என்று ஒரு மொழியாம். மனுஷன் பேசுகிற மாதிரியே எழுதினால் அந்தப் பலகை வரி வரியாக வாசித்து, வரி வரியாகச் செய்கிறது.

"சீனி டின்னுக்கு நானே காவல் வைக்கிறேன்," என்று அறிவித்தார். "எங்கிட்ட இருந்தே காப்பாத்துறேன் பாரு."

மூன்று நாள் குசினியில் அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினார். உடைந்த தராசிலிருந்து எடை பார்க்கும் தட்டு. பழைய சுவிட்ச்போர்டிலிருந்து சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச். ஓடாமல் கிடந்த கொழுந்து லொறியிலிருந்து ஹோர்ன். நாலாம் நாள் சாயங்காலம் மகள் விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். மீனம்மா சுளகில் அரிசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது என்னா பாஷைங்க?"

"பைத்தன்."

"மலைப்பாம்புதானே அது?"

"பேருதான் பாம்பு. ஆளு பசு. இங்க பாரு, 'இஃப்'னு போட்டிருக்கேன்ல, அதுக்கு அர்த்தம் 'அப்படின்னா'. எடை கொறைஞ்சிச்சு அப்படின்னா, ஹோர்ன் அடி. அவ்வளவுதான் புரோகிராம்."

"கண்டாக்கய்யா மலையில உத்தரவு போடுற மாதிரியே இருக்கு."

"அதைவிட லேசு. கண்டாக்கய்யாவ மாத்த முடியுமா? இத மாத்தலாம். இந்த வயர லேப்டாப்புல சொருகினா எழுதினதெல்லாம் அப்படியே முன்னால வந்து நிக்கும். எண்ண மாத்து, சேவ் பண்ணு, முடிஞ்சுது கத. படிச்சவன்தான் செய்யணும்னு ஒண்ணுமில்ல. ஒளிவு மறைவு இல்லாத சாமான்."

மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால் சில புருஷன்மாருக்கு வாய் நிற்காது. ஜீவராஜ் ஒரு வரி விடாமல் விளக்கினார். மீனம்மா சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்புவரை படித்தவள். மகளுக்குத் தினமும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வட்ஸ்அப் அனுப்புகிறவள். விரல் நீட்டி ஒரு வரியைக் காட்டினாள்.

"இங்க 'கழிவு' சமன் நாப்பதுன்னு போட்டிருக்கே, அது என்னா?"

ஜீவராஜ் இருமினார். அந்த வரிதான் புரோகிராமின் உயிர். சீனி நாற்பது கிராமுக்கு மேல் குறைந்தால்தான் ஹோர்ன் கத்தும். நாற்பதுக்குள் என்றால் கத்தாது. நாற்பது கிராம் என்பது ஏழெட்டுத் தேக்கரண்டி. மூன்று முதல் கோப்பைக்கு, இரண்டு அடுத்ததற்கு, மீதி உள்ளங்கைக்கு. அவர் ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டார்.

"அது சும்மா, பனிக்குக் கழிக்கிறது," என்றார்.

"எங்க கொழுந்துல கழிக்கிறாங்களே, அது மாதிரியா?"

"அதேதான்."

"அது பனியில நனைஞ்சு எடை கூடுதுன்னுதானே கழிக்கிறாங்க. பனி பட்டா சீனி எப்படிங்க கொறையும்? கூடத்தானே செய்யும்?"

இருபத்தைந்து வருஷமாக நாளுக்கு மூன்று தடவை தராசுக்கு முன்னால் நிற்கிறவளிடம் கழிவைப் பற்றிக் கதை விடக்கூடாது. இது ஜீவராஜுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"அது கொழுந்து. இது விஞ்ஞானம்," என்றார்.

"ஓ," என்றாள் மீனம்மா. சுளகை இரண்டு தட்டுத் தட்டி, உமியை ஊதினாள்.

காவல் ஏறியது. சாவியை ஒரு பக்கம் திருப்பினால் மெஷின் தூங்கும். மறுபக்கம் திருப்பினால் விழித்து, அந்த நேரத்து எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாவி மீனம்மாவின் தாலிக்கொடியில் தொங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கொடியில் ஏறிய ஒரே புதுப் பொருள் அதுதான். அவள் சாவியைத் திருப்பிவிட்டு, சோதனைக்கு ஒரு அகப்பைச் சீனியை அள்ளினாள். லொறி ஹோர்ன் அலறிய அலறலில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"நல்லாத்தாங்க செஞ்சிருக்கீங்க," என்றாள். அவர் உச்சி குளிர்ந்துபோனார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் பெரட்டுக்குப் போனாள். எட்டரைக்கு அவர் கரண்டியை எடுத்தார். டின்னைத் தூக்காமல், தட்டை அசைக்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கரண்டியாக அள்ளினார். ஏழு கரண்டி. ஹோர்ன் வாயைத் திறக்கவில்லை. உலகத்திலேயே போலீசுக்குச் சம்பளம் கொடுத்துத் திருடுகிறவன் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளங்கையை நக்கினார். அன்றைய பிளேன்டிக்கு ஈடாக அவர் அதுவரை ஒன்றும் குடித்ததில்லை.

ஏழு நாள் அப்படிப் போனது. எட்டாம் நாள் ஏழாவது கரண்டியை அள்ளினார். ஹோர்ன் அலறியது.

ஜீவராஜ் கரண்டியில் இருந்ததைத் திரும்பப் போட்டார். நிற்கவில்லை. உள்ளங்கையில் இருந்ததைத் தட்டினார். பாதி ஈரமாக இருந்தது, ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. நிற்கவில்லை. முதல் கோப்பையோடு வயிற்றுக்குள் போனதை எப்படித் திரும்ப வைப்பது? கைக்கு எட்டிய ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துச் சீனிக்குள் அமுக்கினார். ஹோர்ன் நின்றது. திரும்பினால் வாசலில் பக்கத்து வீட்டு முத்துலிங்கம். பேக்டரிக் காவல்காரராக இருந்து ஓய்வு எடுத்தவர், காது மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

"என்னா ஜீவா, கொழுந்து லொறி குசினிக்குள்ள வந்திருச்சா?"

"டெஸ்ட் பண்ணினேண்ணே."

"வாயெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"பல்லு வெளக்கினேன்."

"மணி பத்தாகுதேப்பா."

"ராத்திரி வேலைக்காரனுக்கு இதான்ணே காலை."

முத்துலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் மீனம்மா வந்தாள். டின்னைத் திறந்தாள்.

"சீனிக்குள்ள ஏங்க வெங்காயம் கெடக்கு?"

"எறும்பு வராம இருக்க."

"அப்படியா? எனக்குத் தெரியாம போச்சே," என்றாள். வெங்காயத்தை எடுத்துத் துடைத்துக் கறிக்கு அரிந்துவிட்டாள்.

ஜீவராஜ் யோசித்தார். பனிதான். பனி இறங்கி எடைத்தட்டைக் கெடுத்துவிட்டது. தட்டுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றினார். ஆறு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் ஆறுக்கும் ஹோர்ன் கத்தியது. கற்பூரம் கொளுத்தித் தட்டை உலர்த்தினார், ஐந்தாக்கினார். ஐந்துக்கும் கத்தியது. ஓட்டு ஓட்டையிலிருந்து சாரல் அடிக்கிறதோ என்று டின்னுக்கு மேலே குடையைக் கட்டினார். மீனம்மா குடையைப் பார்த்துவிட்டுச் சோறு போட வந்தாள், அவருக்கு நிம்மதியாக இருந்தது.

யாரிடம் போய் முறையிடுவது? தினமும் திருடுகிற அளவு குறைந்துகொண்டே வருகிறது என்று எந்த ஆபீசில் எழுதிக் கொடுப்பது? லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருக்கலாம்தான். ஆனால் அதை எழுதியவர் ஜீவராஜ். தான் எழுதியதில் பிழை வரும் என்று நினைக்கிற சாதி அவர் இல்லை. பிழை பனியில்தான் இருந்தது, தட்டில்தான் இருந்தது, வயரில்தான் இருந்தது. இப்படி வானத்தில் இருக்கிறவர் வரைக்கும் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இரண்டு மாதத்தில் இரண்டு கரண்டிக்கு வந்து சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், நாக்கு அதற்கும் பழகிவிட்டது.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் சிவதர்சினி யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் சிரிக்காதவர். ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஜீவராஜைப் பார்த்தார். மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"நூற்றி நாற்பத்தாறு. என்ன செய்தனீங்கள்?"

ஜீவராஜுக்கே நம்ப முடியவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மனக்கட்டுப்பாடு டொக்டர். ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்."

"உண்மையாவோ?" டொக்டர் மீனம்மாவிடம் திரும்பினார்.

"எல்லாம் அவரு கையால செஞ்சதுதாங்க டொக்டர்," என்றாள் மீனம்மா, சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு.

"நல்லது. இன்னும் கொஞ்சம் குறைக்கோணும். ஆனா காலைப் பற்றி இப்ப நீங்கள் பயப்படத் தேவையில்லை, அம்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மீனம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு வருஷமாக அவள் பஸ்ஸில் தூங்கியதில்லை. வளைவுக்கு வளைவு அவள் தலை நழுவியது, அவர் தோளை ஏற்றி ஏற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தார். கை மரத்துப்போனது. எழுப்ப மனம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் வந்தால் கொண்டாட வேண்டும் அல்லவா. மறுநாள் காலை அவள் பெரட்டுக்குப் போனதும், இன்றைக்கு இந்தத் தட்டின் கோளாறை ஒரேயடியாகச் சரிசெய்து பழைய நாற்பதுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று லேப்டாப்பைத் திறந்தார். வயரைச் சொருகினார். எழுதினதெல்லாம் அப்படியே முன்னால் வந்து நின்றது.

கழிவு = 10.

ஜீவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்துதான். தான் போட்டது நாற்பது. அதற்குக் கீழே சில புது வரிகள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு கோட்டை இரண்டு கோடு வெட்டுகிற அந்தக் குறி. அந்தக் குறி போட்ட வரியை மெஷின் வாசிக்காமல் தாண்டிவிடும். மனுஷர் மனுஷருக்கு எழுதி வைக்கிற குறிப்பு அது. இதையும் ஏதோ ஒரு சாயங்காலம் இவரே பெருமையடித்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மத்தியானம் அவர் குறட்டை விடுகிற நேரத்தில் அவள் எழுதியிருக்கிறாள். ஆங்கில எழுத்தில், தமிழில், மகளுக்கு அனுப்புகிற மாதிரியே.

# 35 ஆக்கியாச்சு. ஹோர்ன் சத்தம் மலை வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

# 30. சீனிக்குள்ள வெங்காயம். கறிக்கு ஆச்சு.

# 25. டின்னுக்குக் குடை கட்டியிருக்காரு. பாவமா இருந்துச்சு. கூட்டிக் குடுக்கலாம்னு நெனச்சேன். குடுக்கல.

# 20. மூக்கன் மச்சானுக்கு மருந்து கட்டினது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. இவரு காலுக்கு அப்படி வந்தா நான் தாங்க மாட்டேன்.

# 10. வர்ற வாரம் கிளினிக். முருகா.

ஜீவராஜ் நாலாவது வரியை மூன்று தடவை வாசித்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன. அவளுக்கு இவ்வளவு பயம் இருந்தது தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

வெட்கம் கால் மணி நேரம் இருந்தது. பிறகு பிளேன்டி ஞாபகம் வந்தது.

யார் இதை மாற்றினது என்று கேட்க முடியாது. கேட்டால், நாற்பது எதற்கு வைத்தீர்கள் என்று அவள் கேட்பாள். தானே எண்ணை மாற்றிவிடலாம், விரல் நுனியில்தான் இருக்கிறது. மாற்றினால் மத்தியானமே பார்த்துவிடுவாள். பார்த்தால் இந்த மனக்கட்டுப்பாட்டுக்காரனின் மானம் என்ன ஆகும்? வெகுநேரம் யோசித்து, எண்ணில் கை வைக்காமல், அவளுடைய கடைசி வரிக்குக் கீழே அதே குறியைப் போட்டார். கோரிக்கை நியாயமானதாக இருந்தால் தொழிற்சங்கத்தில்கூடக் கேட்பார்களே.

# பத்து கிராம் ஒரு குடும்பஸ்தனுக்குப் போதாது. ரிப்போர்ட்டும் நல்லா வந்திருக்கு. தயவுசெய்து இருபது ஆக்கித் தரவும். இப்படிக்கு, ஜீவராஜ்.

சேவ் பண்ணினார். வயரைக் கழற்றினார். இரண்டு கரண்டியோடு பிளேன்டியைக் குடித்துவிட்டுப் படுத்தார். மத்தியானம் மீனம்மா வந்து சோறு போட்டாள், சாயங்காலம் ரொட்டி சுட்டாள், முத்துலிங்கத்துக்குக் காது மந்தமாகி வருகிறது என்று பேசினாள். டின்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவள் தலை லயத்துத் திருப்பத்தில் மறைகிறவரை பொறுத்திருந்து, கரண்டியைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தார்.

கழிவு = 0.

# மனு கிடைத்தது. பேச்சுவார்த்தை முடியும்வரை இதுதான்.